லித்தியம் உட்கொள்பவருக்கு மூட்டுவலி மாத்திரை: யார் கவனித்திருக்க வேண்டும்?

தாமிரபரணி எழுதியது:

மனநலச் சிகிச்சை பெறுவோரும், அவர்களைப் பராமரிக்கும் வீட்டாரும், மருத்துவத் துறையினரும் இக்குழுவில் இருப்பதால், எங்கள் வீட்டில் இந்த மே மாதம் நடந்ததை முழுமையாக எழுதி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

என் அண்ணனுக்கு இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய். இளம் வயதில் இரண்டு முறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையைத் தொடங்கிய பிறகு கடையை நடத்தினார், மகளுக்குத் திருமணம் செய்து வைத்தார். அவருக்கு இப்படியொரு நோய் இருப்பதே தெருவில் பலருக்குத் தெரியாது. மனநல மருத்துவரைப் பார்த்துச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். ரத்தத்தில் லித்தியத்தின் அளவு கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்பதற்கு வீட்டில் ஒரு தாளும் இல்லை.

இந்தக் கோடையில் ரத்த அழுத்தம் கூடியிருப்பதாகக் கூறிய ஒரு மருத்துவர், டெல்மிசார்டானுடன் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரையை எழுதி, உப்பையும் நன்றாகக் குறைக்கச் சொன்னார். அதைத் தொடர்ந்து முழங்கால் வலிக்காக வேறொரு மருத்துவர் அசெக்ளோஃபெனாக் கலந்த மாத்திரை எழுதினார். கத்திரி வெயில் வேறு. முதலில் கை நடுக்கம் கூடியது, பிறகு வயிற்றுப்போக்கு, அதன் பின் நடை தள்ளாடி, பேச்சும் குழறியது. வெயில் தாக்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், அண்ணன் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வரச் சொன்ன பிறகுதான் காரணம் தெரிந்தது. லித்தியத்தின் அளவு லிட்டருக்கு 2.3 மில்லிமோல் இருந்தது. மருந்தை நிறுத்தி, சலைன் ஏற்றி, சிறுநீரகத்தைக் கண்காணித்து, அண்ணன் இப்போது தேறி வருகிறார்.

மூன்று மருத்துவர்களும் தத்தம் துறையில் தவறாக எதையும் எழுதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் இதை யார் கவனித்திருக்க வேண்டும்? உறவினர்கள் எல்லோரும் லித்தியமே வேண்டாம் என்கிறார்கள். அது சரியா?

காவிரிக்கரை எழுதியது:

நான் மருந்தாளுநர். உங்கள் அண்ணனுக்கு நடந்ததன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால் எச்சரிக்கைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பெரும்பாலான மனநல மருந்துகளைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுகிறது. லித்தியம் அப்படியில்லை. அது சிதைவதே இல்லை. ஏறக்குறைய முழுவதும் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. வேதியியலில் அது சோடியத்தின் இனத்தைச் சேர்ந்த உலோகம் என்பதால், உடலில் உப்பும் நீரும் குறைந்து சிறுநீரகம் சோடியத்தைச் சேமிக்கத் தொடங்கும்போது லித்தியத்தையும் சேர்த்தே திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரை சோடியத்தை வெளியேற்ற, சிறுநீரகம் அதை ஈடுகட்ட முயலும். உப்பில்லாச் சாப்பாடும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் அதையே செய்யும். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, வடிகட்டும் வேகத்தை மந்தமாக்குகின்றன. டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில் வகை மாத்திரைகளாலும் லித்தியம் உயரக்கூடும். உங்கள் அண்ணனுக்கு இவை அனைத்தும் ஒரே மாதத்தில் சேர்ந்துவிட்டன.

நீண்ட காலச் சிகிச்சையில் லித்தியம் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள், சிலருக்கு 1.0 வரை தேவைப்படும். 1.5ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகள் பொதுவாகத் தொடங்கும். முதியவர்களுக்கும் பல ஆண்டுகளாக உட்கொள்வோருக்கும் அதற்குக் கீழேயே தொடங்கலாம். பயன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மாத்திரைகள் மருந்துக் கடையில் அதிகம் இல்லை.

வலிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பாராசிட்டமால் லித்தியத்தின் அளவை உயர்த்துவதில்லை. ஆனால் நம் கடைகளில் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் ஒன்றாகக் கலந்த அட்டைகள் மிகச் சாதாரணமாக விற்கின்றன. பாராசிட்டமால் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உப்பை அதிகமாகச் சாப்பிட வேண்டும் என்பதல்ல, வழக்கமான அளவைத் திடீரென்று மாற்றக் கூடாது என்பதே விதி.

வைகறை எழுதியது:

சகோதரர் தாமிரபரணியின் உறவினர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். என் தாயார் நீண்ட காலம் லித்தியம் உட்கொண்டவர். தைராய்டு குறைந்து அதற்குத் தனி மாத்திரை. எந்நேரமும் தாகமும் சிறுநீரும். இப்போது சிறுநீரகத்தின் செயல்திறன் பாதியாகக் குறைந்துவிட்டது என்கிறார்கள். புதிய மருந்துகள் எத்தனையோ வந்துவிட்ட காலத்தில், வெயில் அடித்தாலும் வயிறு கெட்டாலும் நஞ்சாக மாறக்கூடிய ஒன்றை ஏன் இன்னும் எழுதுகிறார்கள்? மருந்து மலிவு என்பதாலா, பழக்கத்தாலா?

மருதம் எழுதியது:

நான் மனநல மருத்துவர். வைகறை அவர்களின் தாயாருக்கு நேர்ந்தவை யாவும் லித்தியத்தால் ஏற்படக்கூடியவைதாம். அவற்றை நான் மறுக்கப் போவதில்லை. சிறுநீரகம் பாதி செயல்திறனுக்கு வந்துவிட்டது என்றால், மனநல மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்து அமர்ந்து, லித்தியத்தைத் தொடர்வதா, குறைப்பதா, மெல்ல நிறுத்துவதா என்று பேச வேண்டிய கட்டம் அது. இன்னும் அப்படி ஒரு பேச்சு நடக்கவில்லை என்றால் தயவுசெய்து இந்த மாதமே கேளுங்கள்.

ஆனால் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். மலிவு என்பதால் மட்டும் நாங்கள் இதை எழுதுவதில்லை. 1949ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், கடும் மனவெழுச்சியில் இருந்த பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். அவருடைய முதல் நோயாளி வியக்கத்தக்க முறையில் தேறி வீடு திரும்பி, 1950இல் லித்தியம் நஞ்சேறி இறந்தார். அதே 1949இல், அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டு, சிலர் இறந்ததால் அது தடை செய்யப்பட்டது. அந்நாட்டில் லித்தியம் மனநல மருந்தாக அனுமதி பெற 1970 வரை ஆயிற்று. ரத்தத்தில் அதன் அளவைத் துல்லியமாகப் பார்க்கும் முறை பரவிய பிறகே இம்மருந்து நம்பிக்கையோடு கையாளப்பட்டது. ஆகவே ரத்தப் பரிசோதனை என்பது லித்தியத்தோடு விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் ஒன்று அல்ல. அது இல்லாமல் இந்த மருந்தே இல்லை.

பயனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீண்டும் மீண்டும் வரும் மனவெழுச்சியையும் மனச்சோர்வையும் தடுப்பதில் இன்றும் லித்தியத்துக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. 2013இல் வெளியான, பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய பகுப்பாய்வு ஒன்று, லித்தியம் உட்கொண்டவர்களிடையே தற்கொலைகள் குறைவாக இருந்ததைக் காட்டியது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் அண்மையில் நடந்த ஒரு சோதனையில் அந்தப் பயன் தெரியவில்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்கிறேன். மாற்று மருந்துகளும் தீங்கற்றவை அல்ல. வால்ப்ரோயேட்டைக் கருவுறக்கூடிய பெண்களுக்குக் கொடுப்பது கருவுக்குக் கடும் ஆபத்து; ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை பிறவிக் குறைபாட்டோடு பிறக்கிறது, அதைவிட அதிகமான குழந்தைகளுக்கு மன வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. ஓலன்சபின் உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டும்.

தாமிரபரணி அவர்களின் அண்ணனைப் போல் லித்தியத்தால் பல்லாண்டு நலமாக இருந்தவருக்கு, உறவினர்கள் கூடிப் பேசி அதை நிறுத்தும் முடிவை எடுக்கக் கூடாது. நஞ்சேறிய நிலையில் உடனே நிறுத்தியது சரி. மற்றச் சமயங்களில் திடீரென்று நிறுத்தினால் சில மாதங்களுக்குள் நோய் கடுமையாகத் திரும்பக்கூடும். குறைந்தது நான்கு வாரமும், முடிந்தால் மூன்று மாதமும் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பதே முறை. உங்கள் அண்ணனுக்குச் சிறுநீரகம் முழுதும் தேறிய பிறகு, குறைந்த அளவில் மீண்டும் தொடங்கலாமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். அந்த உரையாடலில் அண்ணனும் இருக்கட்டும்.

சோதனைக்குழாய் எழுதியது:

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். டாக்டர் சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். எங்கள் துறைக்கு வெளியே இவற்றைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

லித்தியத்துக்கான ரத்தத்தைக் கடைசி வேளை மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். மருத்துவர்கள் சொல்லும் 0.6, 0.8 என்ற எண்கள் எல்லாம் அந்த நேரத்துக்குரியவை. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து பத்து மணிக்கு ரத்தம் கொடுத்தால் அளவு உயர்ந்து தெரியும். அதை நம்பி மருத்துவர் மருந்தைக் குறைத்தால், தேவையான மருந்து குறைந்துபோகும். மருந்தின் அளவை மாற்றிய மறுநாளே பார்ப்பதிலும் பயனில்லை. ரத்தத்தில் அது நிலைபெற ஐந்து முதல் ஏழு நாள் ஆகும்.

இரண்டாவது, குழாய். பச்சை மூடி போட்ட குழாய்கள் பலவற்றில் ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் என்ற பொருள் தடவப்பட்டிருக்கும். அந்தக் குழாயில் லித்தியத்தைப் பார்த்தால், மருந்தே உட்கொள்ளாதவருக்கும் லித்தியம் இருப்பதாக எந்திரம் காட்டும். எங்கோ ஒரு முகாமில் எடுத்த ரத்தத்தில் அளவு மிக அதிகமாக வந்து, ஆள் மட்டும் எந்த அறிகுறியும் இல்லாமல் நன்றாக இருக்கிறார் என்றால், முதலில் குழாயைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் நடுக்கமும் தள்ளாட்டமும் இருந்தால் குழாயைப் பற்றி விவாதிக்காமல் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அல்லி எழுதியது:

நான் லித்தியம் உட்கொள்பவள். இந்த இழையில் இதுவரை எழுதியவர்கள் அனைவரும் எங்களைப் பற்றி எழுதினீர்கள்; எங்களிடம் யாரும் பேசவில்லை என்ற குறையோடுதான் எழுதத் தொடங்குகிறேன்.

யார் கவனித்திருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். என் விடை இது: மருந்தை விழுங்குபவருக்கே முதலில் அது தெரிந்திருக்க வேண்டும். மூன்று மருத்துவர்களிடமும், மருந்துக் கடையிலும், பரிசோதனைக் கூடத்திலும், வீட்டிலும் இருந்த ஒரே ஆள் உங்கள் அண்ணன்தான். "நான் லித்தியம் சாப்பிடுகிறேன், இந்த வலி மாத்திரை ஒத்துக்கொள்ளுமா?" என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்க அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? அல்லது, மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை வெளியே சொல்லக் கூடாது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்களா? நம் வீடுகளில் இரண்டாவதுதான் நடக்கிறது. என் திருமணத்தின்போது எனக்கு அதுதான் நடந்தது. மறைத்து வைக்கப்பட்ட மாத்திரையைப் பற்றி எந்த மருத்துவரிடமும் கேள்வி கேட்க முடியாது.

கைநடுக்கத்திலும் வேறுபாடு உண்டு என்பதை நாங்கள் அறிந்திருக்கிறோம். விரல் நுனியில் எப்போதும் இருக்கும் மெல்லிய நடுக்கம் ஒன்று. தண்ணீர்த் தம்ளரைப் பிடிக்க முடியாதபடி கை முழுவதும் உதறுவது வேறு. எனக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரை அழைத்து, அந்த வேளை போடலாமா என்று கேட்டுவிடுவேன். விரதம் இருப்பதை விட்டுவிட்டேன். கடவுள் ஏற்றுக்கொள்வார்.

முல்லைவனம் எழுதியது:

அல்லி அம்மாவின் பதிவைப் படித்த பிறகு, இதை எழுதலாமா என்று தயங்கினேன். என் மகனுக்கு வயது 24. தனக்கு நோய் இல்லை என்கிறான். மாத்திரையைக் கண்டாலே தட்டிவிடுகிறான். மருத்துவர் எழுதிய மாத்திரைகளைப் பொடித்துத் தயிர்ச் சாதத்தில் கலந்து அவன் அம்மா கொடுக்கிறாள். அதில் லித்தியமும் ஒன்று. கொடுக்காத மாதங்களில் அவன் இரவில் வீட்டை விட்டுப் போய்விடுவான். பெற்றவர்களாகிய எங்களுக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

அல்லி எழுதியது:

ஐயா, உங்கள் துயரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் பெற்றோரும் இப்படித்தான் தவித்தார்கள். ஆனால் உங்கள் மகன் நண்பர்களோடு விளையாடிவிட்டு வந்து, உடம்பு வலிக்குத் தானாகவே கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டால் என்ன ஆகும் என்று இந்த இழையின் முதல் பதிவிலேயே இருக்கிறது. தாமிரபரணி அவர்களின் அண்ணனுக்காவது அவசரப் பிரிவில் அட்டையைக் காட்ட முடிந்தது. உங்கள் மகனிடம் கேட்டால், எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை என்று உண்மையாகவே சொல்வார்.

மருதம் எழுதியது:

முல்லைவனம் ஐயா, நீங்கள் இதை வெளிப்படையாக எழுதியது நல்லது. இந்தியாவில் ஏராளமான குடும்பங்கள் இதைச் செய்கின்றன, மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. உங்களைக் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. ஆயினும் லித்தியத்தை மட்டும் இந்த முறையில் ஒரு நாளும் கொடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

லித்தியம் தொடங்கும் முன் சிறுநீரகம், தைராய்டு பார்க்க வேண்டும். தொடங்கிய பின் அளவு நிலைபெறும் வரை அடிக்கடியும், முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்காமல் கொடுக்கக் கூடாத மருந்தை, உட்கொள்பவருக்குத் தெரியாமல் எப்படிக் கொடுப்பது? மேலும், 400 மில்லிகிராம் மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்தால் பல மணி நேரத்துக்குரிய மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் சேரும். அவர் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்பதும் தெரியாது. என்றாவது ஒரு நாள் அவர் கண்டுபிடித்துவிட்டால் மருந்தோடு சேர்த்து அம்மா கையால் சாப்பிடும் சோற்றையும் மறுப்பார்; அப்படி நடந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. உங்கள் மருத்துவரிடம் உணவில் கலப்பதை மறைக்காமல் சொல்லி, இரத்தப் பரிசோதனை இன்றி லித்தியம் தொடர்வதைப் பற்றி இந்த வாரமே முடிவெடுக்கச் சொல்லுங்கள். லித்தியத்துக்கு ஊசி வடிவம் கிடையாது. ஆனால் வேறு சில மருந்துகளுக்கு மாதம் ஒரு முறை போடும் ஊசி உண்டு, தினமும் மாத்திரையோடு போராடுவதை வெறுக்கும் இளைஞர்கள் சிலர் அதற்குச் சம்மதிக்கிறார்கள். அவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலைக்கோ, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலைக்கோ போனால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, நியமிக்கப்பட்ட பிரதிநிதியின் (சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணை நிற்பவரின்) விண்ணப்பத்தின்பேரில் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை அளிக்க இடமிருக்கிறது. இரவில் ஆலோசனை தேவைப்பட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

காவிரிக்கரை எழுதியது:

அல்லி அவர்கள் சொன்னதை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி என்று யோசித்தேன். பிரிட்டனில் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2009 டிசம்பரில் லித்தியம் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டு, உட்கொள்வோர் ஒவ்வொருவருக்கும் ஒரு தகவல் கையேடும், சட்டைப்பையில் வைக்கும் அட்டையும், ரத்த அளவுகளை எழுதும் குறிப்பேடும் கொடுக்க ஏற்பாடு செய்தது. பரிசோதனைகள் ஒழுங்காக நடக்காததும், முடிவுகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்ச் சேராததுமே அதற்குக் காரணம். நம் ஊரில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். முதல் பக்கத்தில் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும், ரத்த அழுத்தம், சர்க்கரைக்கானவை உட்பட. அடுத்த பக்கங்களில் தேதியும், லித்தியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., கால்சியம் ஆகியவற்றின் அளவும். எந்த மருத்துவரிடம் சென்றாலும், பல் மருத்துவராகவே இருந்தாலும், அந்த நோட்டு கூடப் போக வேண்டும். பழைய முடிவுகள் இல்லையென்றால் மருத்துவமனையில் கேளுங்கள். தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை மேற்சொன்ன சட்டத்தின் 25ஆம் பிரிவு தருகிறது.

எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லித்தியம் எழுதிய சீட்டையும் வலி மாத்திரைச் சீட்டையும் ஒரே ஆள் ஒரே கடைக்குத்தான் பெரும்பாலும் கொண்டு வருகிறார். கேட்டுவிட்டுக் கொடுப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். மருந்தால் தீங்கு நேர்ந்தால், தாமிரபரணி அவர்களைப் போன்ற பொதுமக்களும் 1800 180 3024 என்ற எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம்.

தாமிரபரணி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அல்லி அம்மாவின் பதிவை அண்ணனிடமே படிக்கக் கொடுத்தேன். நெடுநேரம் பேசவில்லை, பிறகு, இத்தனை ஆண்டில் தன்னிடம் இதையெல்லாம் யாரும் விளக்கியதில்லை என்றார். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை அவரே எழுதியிருக்கிறார்.

சிறுநீரகப் பரிசோதனை இயல்புக்கு வந்துவிட்டது. லித்தியத்தைக் குறைந்த அளவில், இரவு ஒரு வேளையாகத் தொடங்கியிருக்கிறார்கள். அண்ணன்தான் அதையே விரும்பினார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாற்றித் தந்திருக்கிறார்கள். முழங்காலுக்குப் பாராசிட்டமாலும் உடற்பயிற்சியும். வரும் திங்கட்கிழமை லித்தியம் அளவு பார்க்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை போடுகிறார், பரிசோதனைக் கூடம் காலை ஏழு மணிக்கே திறக்கிறது. ஏழு மணிக்குக் கொடுத்தால் சரியா? வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

சோதனைக்குழாய் எழுதியது:

ஏழு மணிக்குப் பத்து மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஒன்பது மணிக்குக் கொடுங்கள். லித்தியத்துக்கு வெறும் வயிறு தேவையில்லை, வழக்கம்போல் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அன்றே சர்க்கரையும் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும் சாப்பிடாமல் வரட்டும். முந்தைய இரவு மாத்திரை போட்ட நேரத்தை ரத்தம் எடுப்பவரிடம் சொல்லி, முடிவுத் தாளில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.